மலையின் குணம் என்று சொன்னேன்

14 செப்டெம்பர் 1986, ஞாயிறு. பெஷாவர்

இன்று ஒரு கேள்விக்குப் பொய் சொன்னேன்.

கேட்டவர் ஸபூர். பஞ்ச்ஷேர் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அதனால் எல்லாரும் அவரை மாலிம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், வாத்தியார் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தபின் இந்த வேலைக்கு வந்தார். ரஷ்யாக்காரனையும், அவன் காபூலில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் அரசாங்கத்தையும் எதிர்த்து அந்தப் பள்ளத்தாக்கு ஏழு வருஷமாக நிற்கிறது. மலையில் மரகதம் தோண்டுகிறார்கள். குதிரையில் ஏற்றிப் பனிக் கணவாய் தாண்டிக் கொண்டுவருகிறார்கள். மாலிம் அதை இங்கே விற்கிறார். விற்ற சல்லி மாவாகவும் மருந்தாகவும் தோட்டாவாகவும் திரும்பிப் போகிறது.

பெஷாவரின் கல் சந்தையான நமக் மண்டியில் எங்கள் மாடி அறை ஜன்னலோரம் காலை பத்து மணி வெளிச்சத்தில் பொட்டலத்தைப் பிரித்தேன். முப்பது வருஷமாகக் கல் பார்க்கிறவன் நான். அந்தப் பச்சையைக் கண்டதும் மூச்சு ஒரு கணம் நின்றது. முகத்தில் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் விரிசல். சூடு தாங்காத கண்ணாடிக் கிளாசில் கொதிநீர் ஊற்றினால் விடுமே, அந்த மாதிரி.

"ஹாஜி சாப், எங்க கல் மட்டும் ஏன் இப்படி நொறுங்கி வருது?" என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். மாணிக்க வியாபாரத்துக்கு வருமுன், பன்னிரண்டு வயதிலிருந்து ஏழு வருஷம், மத்துகமைப் பக்கம் கருங்கல் உடைக்கும் மலையில் கூலிக்கு நின்றிருக்கிறேன். முரட்டு வெடி வைத்தால் மலை முழுக்க அதிரும். உள்ளே இருப்பதெல்லாம் நொறுங்கும். வரிசையாகத் துளை போட்டு இரும்பு ஆப்பு இறக்கினால் கல் பாண் ரொட்டியைப் பிட்டதுபோல் பிரிந்து வரும். மிஞ்சிப்போனால் கொஞ்சம் கருமருந்து போதும். அது தள்ளும், உடைக்காது. சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரம் ஆகும்.

"உங்க மலையோட குணம் அப்படி, மாலிம்" என்றேன். "மேலாப்புல இருக்கிற கல் இப்படித்தான் இருக்கும். ஆழத்துக்குப் போனா நல்லது வரலாம்."

விரிசல் கல்லுக்குப் பாதி விலைதான். எங்களிடம் தேவதாரு எண்ணெய் இருக்கிறது. வெதுவெதுப்பான எண்ணெயில் நாலு நாள் ஊறினால் விரிசல் கண்ணுக்கு மறைந்துவிடும். பாங்கொக்கில் அதுவே முழுக் கல். இடையில் இருப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அவர் தன் சால்வையை எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டார். இலங்கையில் எங்கள் ஊர் பேருவளையிலும் இப்படித்தான். துணிக்கு மேலே ஊர்ப் பேச்சு, கீழே விரல் பேச்சு. பிடித்த விரல் எத்தனையோ அத்தனை. ஆயிரமா லட்சமா என்பது கல்லைப் பார்த்த இரண்டு பேருக்கும் தெரியும். மேலே அவர் திராட்சை விளைச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே எட்டு பிடித்தார். நாலில் முடித்தேன்.

15 செப்டெம்பர்

ஆறு சட்டை சலவைக்குப் போட்டேன். ஊரில் இருக்கும் என் பெண்சாதி ஸித்திக்குக் கடுதாசி எழுதினேன். கல் நல்ல கல், விலை நல்ல விலை என்று எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

19 செப்டெம்பர், வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு மாலிம் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். வீடு என்றால், ஊருக்கு வெளியே அகதி முகாமில் மண்சுவரும் மேலே தார்ப்பாயும். நாலு பேர் சாப்பிடும் சோற்றை இரண்டு பேருக்கு முன் வைத்தார்கள். மச்சான் பளீலும் வந்திருந்தான். பளீல் என் பெண்சாதியின் தம்பி, வியாபாரத்தில் என் பங்காளி. எண்ணெய் வேலை அவனுடையது.

சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "வெடிமருந்து எங்க வாங்குறீங்க மாலிம்? இங்க பெஷாவர்லயா?"

மாலிம் சிரித்தார். "வாங்குறதா? ரஷ்யாக்காரன் மேலேருந்து சும்மாவே போட்டுட்டுப் போறான், ஹாஜி சாப். பத்துல ரெண்டு வெடிக்காது. வயல்ல, ஆத்துல, கிடக்கும். என் தம்பி ஷேர் ஆகா அதைப் பிரிச்சு உள்ள இருக்கிற மருந்தை எடுக்கிறான்."

"கையாலயா?"

"ஒரு ஸ்பேனர் இருக்கு. பஸ்ஸோட வந்தது." தம்பி முன்பு காபூல் வழியில் பஸ் ஓட்டியவனாம்.

பளீல் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

ஞாயிறன்று சொன்ன பொய் விலைக்காகச் சொன்னது. கல் வியாபாரத்தில் அப்படி ஒன்று சொல்லாதவன் யார்? அன்று எனக்கு இந்த விஷயம் தெரியாது. இது உண்மை. எழுதிவைக்கிறேன்.

இன்று தெரியும். இன்றும் சொல்லாமல்தான் எழுந்து வந்தேன்.

20 செப்டெம்பர், சனி

மாலிமுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று பளீலிடம் கேட்டேன். அவன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மச்சான், ஒங்களுக்கு எனத்த புடிச்சீக்கி? சொல்லிக் குடுத்தா அடுத்த வருஷம் அவங்கட கல்லு முழுசா வரும். முழுக் கல்லுக்கு நாங்க தேவல்ல. பெரிய ஆக்கள் பிளேன்ல வருவாங்க."

"அந்த மனிசன் குண்டைப் பிரிக்கிறானாம்டா."

"நாங்களா பிரிக்கச் சொன்ன? சண்டை நடக்கிற நாடு மச்சான். அவன் அத செய்யாட்டி வேற ஒண்டு செய்வான். துவக்கு தூக்குவான். சாகிறதுக்கு அங்க ஆயிரம் வழி ஈக்கி."

அவன் சொல்வதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் தொந்தரவு.

எங்கள் ஊரில் கெவுடா என்று ஒரு கல் உண்டு. பால் போல் கலங்கியிருக்கும். ஒருவரும் தொடமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து சாக்குக் கணக்கில் அள்ளிப்போனார்கள். தோட்டத்துப் பாதையில் போட என்றார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தோம். அவர்கள் அதைச் சுட்டு நீலக்கல் ஆக்கி விற்றார்கள் என்று தெரியவர வருஷங்கள் ஆயிற்று. அவர்களைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பொருந்தாமல் இல்லை.

24 செப்டெம்பர்

வயிறு சரியில்லை. தயிர் மட்டும்.

27 செப்டெம்பர், சனி

ஷேர் ஆகா வந்துவிட்டான். சரக்கோடு பத்து நாள் நடந்து வந்தவன், படியேறும்போதே பாடிக்கொண்டு ஏறினான். இருபத்தெட்டு வயதிருக்கும். அண்ணனைப் போலவே நீள மூக்கு. வலக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை.

நான் கையைப் பார்ப்பதைக் கண்டு தூக்கிக் காட்டினான். "இது குண்டு இல்ல ஹாஜி சாப். சத்தியமா. பஸ் பொனட்டு! ரஷ்யாக்காரன் பேர்ல போட்டிருக்கேன், அப்பதான் மரியாதை."

மாலிம் தலையில் கைவைத்துக்கொண்டார். "இவன் சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கோங்க."

"பாதி கழிச்சுதான் சொல்றேன் காக்கா ஜான்" என்றான். அண்ணனைக் கூப்பிடுவது அப்படி. எங்கள் ஊரிலும் மூத்தவரைக் காக்கா என்போம் என்று சொன்னேன். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அப்ப நீங்க எங்க ஆளு! கடல்காரங்க எங்க ஆளு!" என்று பளீலைக் கட்டிப்பிடித்தான். கடலை அவன் பார்த்ததில்லை. உப்புத் தண்ணீரில் எப்படி மீன் உயிரோடு இருக்கிறது என்று கேட்டான். எனக்கு இதுவரை தோன்றாத கேள்வி.

சரக்கு பழைய மாதிரியே. பச்சை, விரிசல்.

29 செப்டெம்பர், திங்கள்

இதை நேராக எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

ஷேர் ஆகா காலையில் தனியாக வந்தான். மாலிம் மாவு மண்டிக்குப் போயிருந்தார். பளீல் குளித்துக்கொண்டிருந்தான். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கவாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். மூலையில் என் குடை சாய்ந்திருந்தது. கொழும்பில் வாங்கிய கறுப்புக் குடை.

"அது எவ்வளவு?" என்றான்.

"குடையா? எதுக்கு உனக்கு? உங்க ஊர்ல பனிதானே."

"வேலை செய்றப்போ வெயில் நேரா கண்ணுல விழுது ஹாஜி சாப். குண்டோட மூக்குல ஒரு சின்ன திருகு இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத் திருப்பணும். வியர்வை கண்ணுல வழிஞ்சா துடைக்கக் கை கிடையாது. பக்கத்துல யாரையும் நிக்க விடுறதும் இல்ல. ஒரு நிழல் இருந்தா நல்லது. கல் ரெண்டு வச்சு இதை நட்டு வச்சுடுவேன்."

"சும்மா எடுத்துக்கோ."

"சும்மா எப்படி? வியாபாரி கிட்ட சும்மா வாங்கினா ஊர்ல சிரிப்பாங்க." தன் சால்வையை எடுத்து என் கைமேல் போட்டான். "ஆனா ஒண்ணு. என்கிட்ட பேரம் பேசினா உங்களுக்கு எப்பவும் நட்டம். நான் அஞ்சு சொல்லணும்னாலும் மூணுதான் வரும்."

துணிக்கு அடியில் என் கையைப் பிடித்தான். மூன்று விரல், பிறகு இரண்டு மொட்டை. வறண்ட, சூடான கை. மேலே பஸ்ஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஸாலங் மலைப்பாதையில் ஒருதரம் பிரேக் போய்விட்டதாம். பயணிகள் எல்லாரும் கலிமா சொன்னார்களாம். ஒரு கிழவர் மட்டும், டிக்கெட்டுக் காசைத் திருப்பித் தா என்றாராம்.

இரண்டு ரூபாய்க்குக் குடையைக் கொடுத்தேன்.

பிறகு அவனே சொன்னான். "நீங்க ஆழத்துக்குப் போகச் சொன்னீங்களாமே. அண்ணன் சொன்னார். பனி விழுறதுக்கு முன்னாடி இறங்கிடணும். மருந்து மூணு பங்கு வேணும். ஆத்தோரம் அஞ்சு குண்டு பார்த்து வச்சிருக்கேன். பெருசு."

அஞ்சு. அப்போது என் வாயில் சொல் வந்தது. ஆப்பு என்று வந்தது. உருதுவில் அதற்கு என்ன வார்த்தை என்று தேடினேன். தேடினேன் என்று எழுதுகிறேன். வார்த்தை எனக்குத் தெரியும். பம்பாயில் இரண்டு வருஷம் இருந்தவன் நான். குளியலறையில் பளீல் தண்ணீரை நிறுத்திய சத்தம் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன ஹாஜி சாப்?" என்றான்.

"கவனமா இரு" என்றேன்.

"கவனம்தானே என் தொழில்" என்று குடையை விரித்து, அறைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்று காட்டினான்.

1 ஒக்டோபர், புதன்

ஷேர் ஆகா விடியற்காலை புறப்பட்டுவிட்டான். வழியனுப்ப நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலை வலிக்கவில்லை.

2 ஒக்டோபர்

இரண்டாம் தொகுதி எண்ணெயில்.

6 ஒக்டோபர், திங்கள்

பாங்கொக்கிலிருந்து தந்தி. முதல் தொகுதி போய்விட்டது, நல்ல விலை. பளீல் மிட்டாய் வாங்கி வந்து கீழ்க்கடைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தான். ஒரு பெட்டியை மாலிமுக்கும் கொடுத்தான். "என்ன விசேஷம்?" என்று கேட்டார் மாலிம். "மச்சானுக்குப் பேரப்பிள்ளை" என்றான் பளீல், கண் இமைக்காமல்.

மாலிம் என் இரண்டு கையையும் பிடித்து துஆ செய்தார். பிள்ளை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும் என்றார். இல்லாத பிள்ளைக்கு ஆமீன் சொன்னேன்.

13 ஒக்டோபர்

இந்நேரம் அவன் பள்ளத்தாக்குக்குள் இறங்கியிருப்பான். கடுதாசி எழுதி யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்று யோசித்தேன். போய்ச்சேரப் பத்து நாள். இதை அன்றைக்கே வாயால் சொல்லியிருந்தால் நேரமே ஆகியிருக்காது.

எழுதவில்லை. மாலிமுக்குத் தெரியாமல் அனுப்ப முடியாது. அதுதான் காரணம். தூரம் காரணமில்லை.

14 ஒக்டோபர்

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளி உள்சட்டை இரண்டு வாங்கினேன்.

22 ஒக்டோபர், புதன்

மாலிம் ஒரு மணி நேரம் இருந்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். அறுபது பிள்ளைகள். கூட்டல் கணக்கைக் கோதுமை மணியில் சொல்லிக்கொடுப்பாராம். பசி வந்தால் பிள்ளைகள் விடையைத் தின்றுவிடுமாம். சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது. இந்த மனிதரோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் எழுந்து போனதும் நிம்மதியாகவும் இருக்கிறது.

30 ஒக்டோபர், வியாழன்

ஷேர் ஆகா இறந்துவிட்டான். மூன்றாவது குண்டு. சரக்குக் கொண்டுவந்த ஆட்கள் மாலிமிடம் சொல்லியிருக்கிறார்கள். கீழ்க்கடை கவாக்காரர் எனக்குச் சொன்னார்.

31 ஒக்டோபர், வெள்ளி

முகாமில் பாத்திஹா. மண்தரையில் பாய் விரித்து நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து கையேந்துகிறார்கள், உட்காருகிறார்கள், எழுந்து போகிறார்கள். ஒருவரும் அழவில்லை. பெண்கள் பக்கம் மட்டும் ஒரு குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவன் பெண்சாதி என்றார்கள்.

மாலிம் எனக்குத் தன் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். மரியாதையான விருந்தாளி இருக்கும் இடம். போய் உட்கார்ந்தேன்.

ஒரு பெரியவர் கேட்டார், "பனிக்காலம் வர்ற நேரத்துல எதுக்கு அவசரமா அத்தனை குண்டைப் பிரிச்சான்?"

"ஆழத்துக்குப் போக" என்றார் மாலிம். "மேல இருக்கிற கல் நல்லா வரல. மலையோட குணம் அப்படி."

என் வார்த்தையை, நான் சொன்ன அதே வரிசையில், கூட்டத்துக்கு முன் சொன்னார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவர் ஒருவர் சொன்ன உண்மையைச் சொல்வதுபோல் சொன்னார். அந்தப் பெரியவர் தலையாட்டினார். இனி அது அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் போகும்.

வரும் வழியில் டாக்சியில் பளீல் என் தொடையில் கைவைத்து, "மச்சான், அவன்ட நாள் அது. நாங்க மாத்த ஏலா" என்றான். கையை எடு என்றேன்.

2 நவம்பர், ஞாயிறு

இரண்டு நாளாக வெளியே போகவில்லை. தொழுகை பிந்துகிறது. தாடி மழிக்கவில்லை. என்னைப் பார்த்து நானே இரங்குவதற்குச் செய்யும் ஏற்பாடுகள் இவை. எனக்குத் தெரியும்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது. பளீல் சாகும்வரை சொல்லமாட்டான். நான் இந்தக் குளிர்காலத்தோடு ஊருக்குப் போய்விட்டால், நான் பார்த்த வியாபாரத்திலேயே சுத்தமான வியாபாரம் இதுதான்.

ஆனால் ஆற்றோரம் இன்னும் இரண்டு குண்டு கிடக்கிறது. ஷேர் ஆகா அஞ்சு என்று சொன்னான். அந்த ஸ்பேனரை இன்னொருத்தன் எடுப்பான்.

4 நவம்பர், செவ்வாய்

நாளைக்குக் காலை மாலிம் கடைசிச் சரக்கைக் கொண்டுவருகிறார். கணவாய் மூடிக்கொண்டிருக்கிறதாம். ஒரு கோஷ்டி மட்டும் இந்த வாரம் உள்ளே போகும்.

மாலிமிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று பளீலிடம் சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரம் சண்டை. "கத்தியால குத்திப் போட்டா எனத்த செய்ற?" என்றான். "ஒங்கட புள்ளகளுக்கு நான் எனத்த சொல்ற?"

"குத்தினா குத்தட்டும்" என்றேன். பெரிய வீரமாக வந்தது. இரவு கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தரம் பார்த்தேன்.

5 நவம்பர், புதன்

காலை பத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். பளீல் அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, "நான் கீழ தேத்தண்ணி குடிக்கப் போற" என்று எனக்கு மட்டும் புரியும் பாஷையில் சொல்லி இறங்கிப் போனான்.

ஜன்னலோரம் பொட்டலத்தைப் பிரித்தார். நாற்பத்திரண்டு கல். ஆழத்துக் கல். முன்பு வந்ததைவிட மோசமாக நொறுங்கியிருந்தது.

நான் லென்ஸைத் தொடவில்லை.

"மாலிம், செப்டெம்பர்ல நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க."

"நிறையக் கேட்டேன்."

"கல் ஏன் நொறுங்குதுன்னு."

"ஆமா. மலையோட குணம்னீங்க."

"அது பொய்."

நான் நிறுத்தாமல் சொன்னேன். கருங்கல் மலையில் கூலிக்கு நின்றதைச் சொன்னேன். முரட்டு மருந்து கல்லை என்ன செய்யும் என்று சொன்னேன். ஆப்பைச் சொன்னேன், கருமருந்தைச் சொன்னேன். குண்டே தேவையில்லை என்று சொன்னேன். எண்ணெயையும் சொன்னேன், பாங்கொக்கையும் சொன்னேன். பேரப்பிள்ளை இல்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத் தேவையிருந்ததா தெரியவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலும் ஒரு பழைய கொப்பியும் எடுத்தார்.

"துளைக்கும் துளைக்கும் எவ்வளவு இடைவெளி?"

"ஒரு சாண்."

"ஆழம்?"

"ஒரு முழம். கல்லோட நரம்பு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து, அதுக்கு நாலு விரல் தள்ளி."

"ஆப்பு இரும்பா, மரமா?"

"இரும்பு. இல்லாட்டி நல்லாக் காய்ஞ்ச மரம் அடிச்சு, தண்ணி ஊத்தி ஊற விடணும். குளிர்ல அந்தத் தண்ணி உறைஞ்சா இன்னும் நல்லது. உங்க மலைக்கு அதுவே போதும்."

எல்லாவற்றையும் எழுதினார். படம் போட்டார். நான் ஓரிடத்தில் தப்பாகச் சொன்னேன், அவரே திருத்திக் கேட்டார். அரை மணி நேரம் குரலை உயர்த்தவில்லை. அவர் அடித்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பும் என் சௌகரியத்துக்குத்தான்.

கொப்பியை மூடினார்.

"இதை எப்ப கத்துக்கிட்டீங்க?"

"பன்னிரண்டு வயசுல."

"அப்ப முதல் நாளே தெரியும்."

"தெரியும்."

"ஷேர் ஆகா இங்க உட்கார்ந்து கவா குடிச்சப்பவும்."

"தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒருவன் தராசைத் தட்டிச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. நான், "இந்த யோசனைக்கு எதுவும் தர வேண்டாம் மாலிம், இது சும்மா" என்றேன். என்ன மடத்தனம். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

"சும்மா இல்ல" என்றார். "அதுக்கு நாங்க கொடுத்தாச்சு."

பிறகு சால்வையைக் கழற்றினார். எங்கள் கைமேல் போட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் இருந்தேன். ஆனால் கணவாய் மூடப்போகிறது, பள்ளத்தாக்குக்கு மாவு வேண்டும், இந்தச் சந்தையில் இவ்வளவு நொறுங்கிய சரக்கை இந்த வாரம் முழுசாக எடுக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அது அவருக்கும் தெரியும்.

துணிக்கு அடியில் ஒன்பது பிடித்தார்.

நான் அவர் கையை முழுசாகப் பற்றி அழுத்தினேன். சரி, முடிந்தது என்று அர்த்தம். ஒன்பதே கொடுக்கிறேன். என் வாழ்நாளில் முதல் விலையை நான் அப்படியே ஏற்றதில்லை.

அவர் கையை உருவிக்கொண்டார்.

"பேரம் பேசுங்க" என்றார்.

"வேணாம் மாலிம். நீங்க சொன்னதே சரி."

"இந்தக் கல் ஒன்பது பெறாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேரம் பேசி வாங்கினா அது கல்லோட விலை. பேசாம நான் கேட்டதைக் கொடுத்தீங்கன்னா அது என் தம்பியோட விலை." இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "ரத்தத்துக்கு ஈடு வாங்கினா மன்னிச்சதா ஆயிடும், ஹாஜி சாப். அதை உங்ககிட்ட வாங்குறதா நான் இன்னும் முடிவு பண்ணல. அவன் பெண்சாதியைக் கேக்கணும், ஊர்ல கேக்கணும். அது வேற நாள். இன்னைக்கு மாவு வாங்கணும். கையை வைங்க."

வைத்தேன்.

"எப்பவும் பேசுற மாதிரி" என்றார்.

நாலு பிடித்தேன். வெட்கமாக இருந்தது. அவர் எட்டரை பிடித்தார். நான் நாலரை. மேலே எதையாவது பேசவேண்டும், அதுதான் வழக்கம். அவர்தான் பேசினார். இந்த வருஷம் ஆப்பிள் நிறையக் காய்த்ததாம், பறிக்க ஆளில்லாமல் மரத்தடியிலேயே அழுகிப் போயிற்றாம். எட்டு. ஐந்து. ஏழரை.

ஐந்தரைக்கு வரும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். என் கை நடிக்கவில்லை. அவர் விரலில் ஒரு சின்னத் தயக்கம் வந்தது. அவசரத்தில் இருக்கிறவனின் தயக்கம் அது. என் விரல் அதை உடனே கண்டுபிடித்து, அங்கேயே நின்று, காத்திருந்தது. முப்பது வருஷப் பழக்கம். அவன் செத்துப் பதினைந்து இருபது நாள்தான் ஆகிறது. நான் அவன் அண்ணனை இன்னும் அரை விரல் இறக்கிக்கொண்டிருந்தேன்.

நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அவர் கையை உருவிக்கொள்வார். ஏழு. ஆறு. அவர் கை அசையவில்லை. நான் அரை ஏற்றினேன். அவர் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுச் சால்வையை எடுத்தார்.

முடிந்த விலை ஆறரை லட்சம், பாகிஸ்தான் ரூபாய். நாற்பத்திரண்டு கல், நொறுங்கியது உள்பட. முழுப் பணமும் வெள்ளிக்கிழமைக்குள், ரொக்கமாக. தம்பியைப் பற்றிய பேச்சு இதில் சேராது.